வீடு தேடிச் செல்லும் சோதனைச்சாலை

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாக நம் நாட்டுக் கலாசாலைகள் யாவும் கதவடைத்தபொழுது, தமிழும் சரித்திரமும் பொருளாதாரமும் ஒருவாறு இணையத்தின் வழியே மாணாக்கர் இல்லங்களைச் சென்றடைந்தன. கணிதமும் பெரிதும் இடர்ப்படவில்லை. இடர்ப்பட்டவை பௌதிகம், இரசாயனம், தாவரநூல், விலங்குநூல் ஆகிய சாஸ்திரங்களே. விரிவுரையைத் திரையிற் கேட்கலாம். பியூரெட்டின் திருகைத் திரையில் எங்ஙனம் திருகுவது? பலவிடங்களில் ஆசிரியர் ஒருவர் ஆளற்ற சோதனைச்சாலையில் நின்று சோதனையைச் செய்ய, அதனைப் படம் பிடித்து மாணாக்கருக்கு அனுப்பினர். மாணாக்கர் அப்படத்திற் கண்ட எண்களைத் தம் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பினர். நோட்டு நிறைந்தது, மாணாக்கரது கை எதனையும் தொடவில்லை.

அக்காலத்தில் இதனை ஒரு புதிய இன்னலெனப் பலரும் கருதினர். உண்மையில், தொலைவிலிருந்து விஞ்ஞானம் கற்பிக்கப் புகுந்த ஆசிரியர்கள் அதற்கு ஐம்பது ஆண்டுகட்கு முன்னரே இக்கேள்வியை எதிர்கொண்டு, அதற்கு ஒரு விடையையும் கண்டிருந்தனர். மாணாக்கன் சோதனைச்சாலைக்கு வர இயலாதாயின், சோதனைச்சாலையை ஒரு பெட்டியில் அடக்கி அவன் வீட்டிற்கு அனுப்புவது என்பதே அவ்விடை. சொல்லுதற்கு எளிதாயிருக்கும் இது செய்தற்கு எத்துணை அரியது என்பதையும், அவ்வருமையே ஆசிரியர்களுக்கு எவற்றைக் கற்பித்தது என்பதையும் இக்கட்டுரையில் ஒருசிறிது விளக்க விரும்புகின்றோம்.

இங்கிலாந்து தேசத்தில் 1969-ஆம் ஆண்டு அரச சாசனம் பெற்று எழுந்தது திறந்த சர்வகலாசாலை. மில்டன் கீன்ஸ் என்னும் ஊர் அதன் தலைமையிடம். முன்படிப்பு யாதென வினவாமல் எவரையும் சேர்த்துக்கொள்வது அதன் கொள்கை. 1971-ஆம் ஆண்டு ஜனவரியில் பாடங்கள் தொடங்கியபொழுது 24,000-க்கு மேற்பட்டோர் மாணாக்கராயினர். தொழிற்சாலைப் பணியாளரும், இல்லறத்துப் பெண்டிரும், பள்ளி ஆசிரியரும் அவர்களுட் பலர். அச்சிட்ட பாடநூல்கள் தபாலில் வந்தன, விரிவுரைகள் பி.பி.சி.யின் வானொலியிலும் டெலிவிஷனிலும் ஒலி ஒளி பரப்பப்பட்டன. முதலாண்டிலேயே தொடங்கப்பெற்ற நான்கு அடிப்படைப் பாடங்களுள் விஞ்ஞானமும் ஒன்று. நகைத்தவர் பலர். சமையலறை மேசையில் எவன் விஞ்ஞானியாவான் என்பது அவர்தம் வினா. அவ்வினா பொருளற்றதென்று நாம் சொல்லோம். சோதனை செய்து பழகாதவனுக்கு விஞ்ஞானப் பட்டம் அளிப்பது, நீரில் இறங்காதவனுக்கு நீச்சல் வல்லான் எனச் சான்று எழுதித் தருவதையே ஒக்கும். ஆதலின் அச்சர்வகலாசாலையின் பட்டம் மெய்ப்பட்டமா பொய்ப்பட்டமா என்பது, விஞ்ஞானத்தைப் பொறுத்தமட்டில், அந்தத் தபாற் பெட்டியினுள் என்ன இருந்தது என்பதையே சார்ந்து நின்றது.

அப்பெட்டியில் இருந்த பொருள்களுள் நம் மனத்தைக் கவர்வது ஒரு மைக்ராஸ்கோப்பு. நம் சோதனைச்சாலைகளிற் காணும் மைக்ராஸ்கோப்பு பித்தளையும் இரும்புமாய்க் கனத்து நிற்பது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தபாலில் அனுப்பத் தக்கதன்று. மக்கார்தர் என்னும் ஆங்கில மருத்துவர் ஒருவர் போர்னியோத் தீவின் காட்டுப் புறங்களில் மலேரியா நோயை ஆராய்ந்தவர். காடு மேடுகளிற் கொண்டு செல்லத்தக்க சிறு கருவியொன்றை அவர் 1930-ஐ அடுத்த ஆண்டுகளில் வகுத்திருந்தார். ஒளிக்கதிரை நேரே மேலும் கீழுமாய்ச் செலுத்தாமல், பட்டகக் கண்ணாடிகளைக் கொண்டு மடக்கித் திருப்புவதே அதன் சூட்சுமம். நீண்ட குழாயை மடக்கிவிட்டால் கருவி உள்ளங்கையில் அடங்கும் படப்பெட்டியின் அளவினதாகிறது; கண்ணாடித் தகட்டைக் கவிழ்த்து மேலே வைத்துக் கீழிருந்து பார்க்கவேண்டும். திறந்த சர்வகலாசாலையார் இவ்வமைப்பையே பிளாஸ்டிக்கிற் செய்வித்துத் தம் மாணாக்கருக்கு அனுப்பினர். காட்டிலே அலைந்த மருத்துவரின் தேவையும், வீட்டிலே அமர்ந்த மாணாக்கனின் தேவையும் ஒன்றாய் முடிந்தமை வியத்தற்குரியதே. சுமை குறைய வேண்டும், கீழே விழுந்தால் உடையலாகாது, அருகில் பழுது பார்ப்பாரும் இரார் என்னும் மூன்றும் இருவர்க்கும் பொது.

இதே வழியில் பின்னும் ஓர் அடி சென்றவர் இந்தியாவிற் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆசிரியராயுள்ள மனு பிரகாஷ். அவரும் அவர்தம் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட போல்ட்ஸ்கோப்பு என்பது காகிதத்தை மடித்துச் செய்யும் மைக்ராஸ்கோப்பு. கடுகினும் சிறிய கண்ணாடிக் குண்டு ஒன்றே அதன் வில்லை. ஏறத்தாழ 140 மடங்கு பெருக்கிக் காட்டுவது அது. ஒற்றை வில்லையைக் கொண்டு பெருக்குவது பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்து தேசத்து லீவன்ஹூக் கையாண்ட முறையே. வெங்காயத் தோலின் அணுவறைகளையும், குளத்து நீரில் நெளியும் உயிர்களையும் காண இது போதும். மாணாக்கன் தானே மடித்து ஒட்டிச் செய்வதாதலின், வில்லை எங்குள்ளது, ஒளி எவ்வழி வருகிறது, காகிதத்தை வளைத்தால் உருவம் ஏன் தெளிவடைகிறது என்பனவற்றை அவன் அறியாது தப்ப வழியில்லை. விலையுயர்ந்த கருவியின் திருகை மட்டும் திருகப் பழகியவன் இவற்றை அறியாமலே பட்டம் பெறுவதும் உண்டு.

இங்கு ஒரு தடை எழலாம். இக்காலத்தில் கணினியிலேயே சோதனைச்சாலையை வரைந்து காட்டுகின்றனரே, பெட்டி எதற்கு எனலாம். தொலைவிலிருந்து சோதனை செய்ய இன்று மூன்று வழிகள் உள. முதலாவது, கணினித் திரையில் தோன்றும் மாயச் சோதனை. இரண்டாவது, எங்கோ உள்ள மெய்யான கருவியை இணையத்தின் வழியே இயக்குவது. மேற்சொன்ன சர்வகலாசாலையின் மாணாக்கர் கானரித் தீவுகளுள் ஒன்றான டெனரிபில் உள்ள தொலைநோக்கியைத் தம் வீட்டிலிருந்தே திருப்பி வானத்தைப் படம் பிடிக்கின்றனர். மூன்றாவது, வீட்டிற்கு வரும் பெட்டி. இவற்றுள் இரண்டாவதை நாம் குறை கூறோம். எவனும் தன் மாடியில் அத்தகைய தொலைநோக்கியை வைத்துக்கொள்ள இயலாது. அங்கு மேகம் மறைத்தால் இங்கு மாணாக்கன் காத்திருக்கத்தான் வேண்டும். இயற்கை அவ்விடத்திலும் தன் மனம் போல் நடக்கிறது. மாயச் சோதனையின் நிலை வேறு. அணுவின் அமைப்பையும், கண்ணுக்குப் புலனாகாத வாயு மூலக்கூறுகளின் ஓட்டத்தையும் விளக்க அஃது ஒப்பற்ற கருவியே. ஆயினும் அதில் வரும் எண், அதனை எழுதியவர் முன்னரே அறிந்து உள்ளே வைத்த எண். திரையிலுள்ள பியூரெட்டு ஒருபொழுதும் ஒழுகாது. அதன் நுனியில் காற்றுக்குமிழி தங்காது. ஒழுகுவதும் குமிழி தங்குவதுமே சோதனைச்சாலையிற் பாதிப் பாடம் என்பதை நம் சோதனைச்சாலைத் துணையாளர்கள் நன்கறிவர்.

இரசாயனத்திற்குப் பெட்டி செய்வதே எல்லாவற்றினும் கடினம். கானடா தேசத்து அதபாஸ்கா சர்வகலாசாலை தொலைக்கல்விக்கென்றே நடப்பது. மக்கள் சிதறி வாழும் அப்பெருநாட்டில், நூல் நிலையம் நூலை இரவல் தருவதுபோல் இரசாயனப் பெட்டியை மாணாக்கருக்குத் தபாலில் இரவல் தந்து, பொது இரசாயனச் சோதனைகள் சிலவற்றை வீட்டிலேயே செய்யுமாறு அவர்கள் ஏற்பாடு செய்தனர். தென்னாப்பிரிக்காவில் விட்வாட்டர்ஸ்ராண்டு சர்வகலாசாலையைச் சார்ந்த ஆசிரியர்கள் சோதனைச்சாலையே இல்லாத பள்ளிகளை மனத்திற்கொண்டு நுண்ணளவு இரசாயனப் பெட்டியை வகுத்தனர். சோதனைக்குழாய்களுக்கு மாற்றாகச் சிறு குழிகள் பல அமைந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று அதில் உண்டு. பார்ப்பார்க்கு நம் வீட்டுப் பல்லாங்குழிப் பலகையின் நினைவு வரும். குழிக்குச் சில துளிகளே போதும். பள்ளிகளுக்கென எழுந்த இந்நுண்ணளவு முறையே வீட்டுப் பெட்டிகளுக்கும் பெருந்துணையாயிற்று. பொருளின் அளவு குறையுந்தோறும் விலை குறைகிறது, கழிவு குறைகிறது, எடை குறைகிறது, யாவற்றினும் மேலாக அபாயம் குறைகிறது.

அளவு குறைந்தால் நுட்பமும் குறையுமன்றோ என ஐயுறுவார்க்கு, நம் மாணாக்கர் யாவரும் அறிந்த டைட்ரேஷன் ஒன்றையே எடுத்துக் காட்டுவோம். கடையில் விற்கும் வினிகர் என்னும் காடியில் நூற்றுக்கு ஐந்து பங்கு அசெட்டிக் அமிலம் உளதென்று குப்பியின் சீட்டுக் கூறுகிறது. அது மெய்யா என்று அறியவேண்டும். லிட்டருக்கு 50 கிராம் எனக் கொண்டால், அமிலத்தின் மூலக்கூற்று எடை 60 ஆதலின் அதன் செறிவு 0.83 மோலார். இதற்கு ஏற்ற வன்மையுள்ள எரிசோடாக் கரைசலை வீட்டிற்கு அனுப்புவது தகாது. அது கண்ணிற் பட்டாற் கேடு பெரிது. ஆதலின் லிட்டருக்கு 4 கிராம் எரிசோடா மட்டுமே கொண்ட மெல்லிய கரைசலை, அதாவது 0.1 மோலார் கரைசலைச் சிறு துளிக்குப்பியில் அனுப்புகின்றனர் எனக் கொள்வோம். மாணாக்கன் காடியில் நான்கு பங்கு நீர் கலந்து ஐந்து மடங்கு நீர்க்கச் செய்கிறான். அதன் செறிவு 0.167 மோலார் ஆகிறது. குழியில் இக்காடி 20 துளி. அதனோடு பினாப்தலீன் ஒரு துளி. பின்னர் எரிசோடாவைத் துளி துளியாக விட்டுக் கலக்கிக்கொண்டே வருகிறான். சீட்டின் கூற்று மெய்யாயின் 33-ஆம் துளியை ஒட்டி இளஞ்சிவப்பு நிறம் தோன்றி மறையாது நிற்கும்.

இதில் பிழை எவ்வளவு? நிறம் 33-ஆம் துளியிலா 34-ஆம் துளியிலா மாறியது என்பதில் ஒரு துளி ஐயம் எப்பொழுதும் உண்டு. 33-இல் ஒன்று என்பது நூற்றுக்கு மூன்று. நம் கலாசாலையின் பியூரெட்டிலோ 20 மில்லிலிட்டரில் 0.05 மில்லிலிட்டர் வரை வாசிக்கலாம். அது நானூற்றில் ஒரு பங்கு. பெட்டி தோற்றது என்று இங்கே முடிவு கட்டிவிடலாம். ஆனால் மேலும் ஒரு கேள்வி கேட்பாராயின், பெட்டியின் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. இப்பிழையைக் குறைக்க வழி யாது? 20 துளிக்கு மாற்றாக 60 துளி காடி எடுத்தால் எரிசோடா 100 துளி செலவாகும். பிழை நூற்றுக்கு ஒன்றாகிவிடும். இருவகைத் துளிகளும் ஒரே அளவினவா? குப்பியைச் செங்குத்தாகப் பிடித்தால் ஓர் அளவும் சாய்த்துப் பிடித்தால் வேறோர் அளவுமாக விழும். ஆதலின் இரண்டையும் ஒரே வகையிற் பிடிக்கவேண்டும். அமிலம் கலந்த நீரின் பரப்பு இழுவிசை தூய நீரினதற்குச் சற்றுக் குறைவாதலின் துளியின் அளவும் சிறிது மாறலாம். ஐம்பது ஐம்பது துளிகளை எடுத்துச் சிறு மின்தராசில் நிறுத்துப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். ஐம்பது துளி ஏறத்தாழ 2.5 கிராம், தராசு 0.01 கிராம் வரை காட்டுமாயின் அந்நிறையில் உள்ள ஐயம் நூற்றுக்கு அரைப்பங்கிற்கும் குறைவே. கருவியின் குறையைச் சிந்தனையால் நிரப்பும் இப்பயிற்சி, குறையற்ற கருவியைக் கையாள்வோனுக்குக் கிட்டுவது அரிது. துல்லியமான பியூரெட்டு ஒருவனைத் துல்லியமானவன் என மயங்கச் செய்வதும் உண்டு.

பௌதிகத்திற்கு வருவோம். இங்குப் பெட்டி செய்வோர் முதலிற் கற்றுக்கொண்டது, எதனை அனுப்ப வேண்டாம் என்பதையே. நூலும் கல்லும் எவர் வீட்டிலும் உண்டு. ஊசலை எதற்குத் தபாலில் அனுப்புவது? ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை ஆடிவர ஏறத்தாழ இரண்டு வினாடி ஆகும். பத்து ஆட்டங்களின் காலத்தை எடுத்தால், கையின் தாமதத்தால் நேரும் 0.2 வினாடிப் பிழை காலத்தில் நூற்றுக்கு ஒன்றாகும். புவியீர்ப்பின் வேகவளர்ச்சியைக் கணிக்குங்கால் காலத்தின் வர்க்கம் வருதலின் அது நூற்றுக்கு இரண்டாகப் பெருகும். ஐம்பது ஆட்டங்களை எண்ணினால் அதுவே நூற்றுக்கு அரைப்பங்கிற்கும் கீழாகிவிடும். பின்னர் நீளத்தை எங்கிருந்து எதுவரை அளப்பது என்னும் கேள்வி எழும். ஒரு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் பிழைத்தால் விடை நூற்றுக்கு ஒன்று பிழைக்குமாதலின், கல்லின் நடுவிடத்தை அவன் தேடியே ஆகவேண்டும். நம் பகுதிகளில் இவ்வேகவளர்ச்சி வினாடிக்கு வினாடி 9.78 மீட்டர் அளவினது. வீட்டிலிருந்து 9.6 என்று கண்டு, அதற்குக் காரணமும் எழுதி அனுப்புகின்ற மாணாக்கனையே நாம் மெச்சுவோம். 9.78 என்று மட்டும் எழுதி அனுப்புகின்றவனிடம் இன்னும் சில கேள்விகள் கேட்கவேண்டியிருக்கும்.

வீட்டில் இல்லாதது மட்டும் பெட்டியில் வரட்டும் என்னும் இக்கொள்கை பெரும் பயன் தந்தது. இந்நாளில் வீட்டில் உள்ளது நூலும் கல்லும் மட்டுமோ? மாணாக்கர் கையிலுள்ள தொலைபேசியினுள்ளேயே வேகவளர்ச்சி அளவியும், காந்தமானியும், ஒலிவாங்கியும் குடியிருக்கின்றன. ஜெர்மனியின் ஆகன் நகரத்துத் தொழில்நுட்பச் சர்வகலாசாலையார் 2016-இல் வெளியிட்ட பைபாக்ஸ் என்னும் செயலி அவற்றைச் சோதனைக் கருவிகளாக மாற்றித் தருகிறது, விலை இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையில் மாட்ஸ் செலன் என்பாரும் அவர்தம் தோழரும் ஐயோலேப் என்னும் சிறு பெட்டியை ஆக்கினர். சக்கரங்களின்மேல் உருளும் அது விசை, வேகம், காந்தப்புலம், வெளிச்சம், காற்றழுத்தம் முதலியவற்றைத் தானே அளந்து கம்பியின்றிக் கணினிக்கு அனுப்பும். நன்று. எனினும் நமக்கு ஒரு தயக்கம் உண்டு. கருவி தானே அளந்து தானே வரைந்து தருமாயின், அளவுகோலின் கோடுகளுக்கிடையே கண்ணை இடுக்கி நோக்கும் பழக்கம் எங்ஙனம் வரும்? ஒரே மாணாக்கன் ஊசலை முதலில் கைக்கடிகாரத்தாலும் பின்னர் தொலைபேசியாலும் அளந்து, இரண்டும் வேறுபடுவது ஏன் எனச் சொல்லுமாறு அமைப்பதே தக்க முறை.

அபாயத்தைப் பற்றி விரித்துச் சொல்லவேண்டும். பெட்டி அனுப்பும் ஆசிரியரின் உறக்கத்தைக் கெடுப்பது இதுவே. கலாசாலையில் ஆசிரியர் அருகில் நிற்கிறார், நீர்க்குழாய் உண்டு, முதலுதவிப் பெட்டி சுவரில் தொங்குகிறது. வீட்டிலோ தவழும் குழந்தை உண்டு. சோதனை நடக்கும் மேசையே உணவு உண்ணும் மேசையாகவும் இருக்கும். அதனால் அடர் அமிலங்களும், தீப்பற்றும் திரவங்களும், நச்சு உலோக உப்புகளும் பெட்டிக்கு ஆகா. தபால் இலாகாவின் விதிகளே அவற்றுட் பலவற்றைத் தடுக்கும். கண்காப்புக் கண்ணாடியும் கையுறையும் பெட்டியின் மேலடுக்கில் இருக்கவேண்டும். அடியில் வைத்தால் எடுப்பாரில்லை. ஒவ்வொரு குப்பியிலும் ஒருவர் தவறி விழுங்கினாலும் பெருந்தீங்கு நேராத அளவே இருத்தல் நன்று. முடிவிற் கழிவை என்செய்வது என்பதையும் எழுதவேண்டும். மெல்லிய எரிசோடாவும் காடியும் ஒன்றையொன்று நடுநிலையாக்கி உப்பாகிவிடுதலின் நிறைய நீரோடு கழுவி விடலாம். செம்பு உப்புக் கரைசலை அங்ஙனம் விடலாகாது. குப்பியில் அடைத்துத் திருப்பி அனுப்பச் சொல்லவேண்டும். இவ்வாறு ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தபொழுது, வழக்கமாகச் செய்துவந்த சோதனைகள் சில எப்பயனும் கருதாது வெறும் பழக்கத்தாலேயே நெடுங்காலம் நீடித்தன என்பதும் ஆசிரியர்களுக்குப் புலனாயிற்று. இச்சோதனை எதனைக் கற்பிக்கிறது என்னும் கேள்விக்கு விடை சொல்ல முடியாதது எதுவும் பெட்டியில் ஏறவில்லை.

பெட்டியோடு செல்லும் கைந்நூலை எழுதுவது பெட்டி செய்வதினும் கடிது. சோதனைச்சாலையில் மாணாக்கன் விழித்து நின்றால் துணையாளர் வந்து இரண்டு சொற்களில் வழி காட்டிவிடுவார். வீட்டில் இரவு பத்து மணிக்குக் குழியிலுள்ள நீர் சிவந்தே நின்றுவிட்டால் அவனுக்குத் துணை அந்நூல் ஒன்றே. “எரிசோடாவைச் சேர்க்க” என்று மட்டும் எழுதினால் பாதிப் பேர் ஒரேயடியாக ஊற்றிவிடுவர். “துளி விழுந்த இடத்தில் தோன்றும் சிவப்பு, கலக்கியவுடன் மறைந்தால் இன்னும் விடுக, மறையத் தாமதித்தால் இனி ஒவ்வொரு துளிக்கும் நின்று பார்க்க, கடுஞ்சிவப்பாயின் எல்லையைக் கடந்தாயிற்று, புதிய குழியில் மீண்டும் தொடங்குக” என எழுதவேண்டும். இங்ஙனம் எழுதுவதற்கு, அச்சோதனையை அறியாத ஒருவரைக் கொண்டு செய்வித்து, அருகிருந்து வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருப்பதே வழி. ஆசிரியர்க்கு வாய் திறவாமல் இருத்தல் எத்துணைக் கடினம் என்பதை இம்மலரைப் படிக்கும் மாணாக்கரே சொல்வர்.

இனி, அவன் உண்மையாகவே சோதனையைச் செய்தானா என்பது எங்ஙனம் தெரியும்? இணைய வழிப் பாடங்களைக் குறை கூறுவோர் முதலில் எழுப்பும் கேள்வி இது. பெட்டி அனுப்புவோர் இதற்குக் கண்ட வழி நேர்த்தியானது. ஒவ்வொரு பெட்டியிலும் செறிவு அறியாத குப்பி ஒன்று வைக்கப்படும். குப்பியின்மேல் ஓர் எண் மட்டுமே இருக்கும். ஒருவன் குப்பியும் மற்றொருவன் குப்பியும் ஒன்றாயிரா. விடை ஆசிரியரின் பேரேட்டில் மட்டும் உண்டு. அண்டை வீட்டானைப் பார்த்து எழுதிப் பயனில்லை. பாடநூலிலும் விடை கிடையாது. தான் செய்த மூன்று முறை அளவுகளையும், அவற்றுள் ஒன்று விலகி நின்றால் அதனையும் மறைக்காமல் அனுப்பவேண்டும். மேசையின் படத்தையும் தன் எண் எழுதிய சீட்டோடு எடுத்து அனுப்பவேண்டும். விலகி நின்ற அளவுக்கும் மதிப்பெண் உண்டு என்று முன்னரே சொல்லிவிட்டால், பொய் எழுதும் ஆசை பெருமளவு குறைந்துவிடும்.

இவ்விடத்தில் நம் சொந்த வீட்டையும் ஒருமுறை நோக்குதல் தகும். நம் நாட்டுக் கலாசாலைகளின் சோதனைச்சாலைகள் பலவற்றில் ஒரு கருவியைச் சுற்றி மூவர் நால்வர் நிற்பர். ஒருவன் செய்வான்; ஒருவன் எழுதுவான்; மற்றையோர் எழுதியதைப் பார்த்து எழுதுவர். வரவேண்டிய விடை மூத்த மாணாக்கர் விட்டுச் சென்ற ரெக்கார்டு நோட்டில் முன்னரே இருக்கும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அளவுகளை நிரப்பும் கலையில் வல்லவர் ஒவ்வொரு வகுப்பிலும் உளர். அவர்களும் சோதனைச்சாலைக்கு வந்தவர்களே. வருகைப் பதிவேடு அதற்குச் சான்று. சமையலறையில் தனியே அமர்ந்து, சொல்வாரின்றித் துளிகளை எண்ணி, இரண்டாம் முறை எண்ணியது முதன்முறையோடு ஒவ்வாமையால் மூன்றாம் முறையும் எண்ணுகின்ற இல்லறப் பெண் ஒருத்தியோடு இவர்களை வைத்து நோக்கினால், விஞ்ஞானம் பயின்றவர் யார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

பெட்டியில் அடங்காதனவும் பல உள. நச்சுவாயுவை வெளியேற்றும் அடைப்பறையும், உயர் மின்னழுத்தமும், விலையுயர்ந்த நிறமாலை மானிகளும் தபாலிற் செல்லா. தோளோடு தோள் நின்று ஒருவர் பிழையை மற்றவர் காணும் பழக்கமும் பெட்டியிற் கிட்டாது. இதனை உணர்ந்தே திறந்த சர்வகலாசாலையார் தொடக்கத்திலேயே கோடை விடுமுறையில் ஒருவார காலம் மாணாக்கரைப் பிற சர்வகலாசாலைகளில் தங்கச் செய்து, அங்குள்ள சோதனைச்சாலைகளிற் பழக்கினர். நம் நாட்டில் 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பாடநூலை வீட்டிற்கு அனுப்பினும், விஞ்ஞானப் பட்டத்திற்குரிய சோதனைகளுக்குக் கல்வி மையங்களின் சோதனைச்சாலைகளுக்கே மாணாக்கரை வரவழைக்கும் முறையை மேற்கொண்டது. அருகில் மையமுள்ள நகரத்தார்க்கு இது எளிது. இரண்டு பஸ் மாறி வரவேண்டிய, கைக்குழந்தையுள்ள மாணாக்கியர்க்கு இதுவே பாடத்தைக் கைவிடக் காரணமாவதும் கூடும். எல்லாவற்றையும் பெட்டியில் அனுப்புவதும், எதனையும் அனுப்பாதிருப்பதும் ஆகிய இரண்டுக்கும் இடையே, முதல் இரண்டு ஆண்டுகளின் எளிய சோதனைகளை வீட்டிலும் எஞ்சியவற்றை ஓரிரு வாரங்கள் கூடியும் செய்யும் வழி இருக்கிறது.

நம் முதலாண்டு மாணாக்கர்க்கு ஒரு பெட்டி செய்யப் புகுந்தால் அதில் என்னென்ன இருக்கும் என எண்ணிப் பார்த்தோம். 0.01 கிராம் காட்டும் சிறு மின்தராசு, ஊசியில்லாத சிரிஞ்சுகள் இரண்டு, குழித்தட்டு, துளிக்குப்பிகள், வெப்பமானி, மின்னோட்டமும் அழுத்தமும் அளக்கும் மல்டிமீட்டர், சில மின்தடைகளும் கம்பிகளும், குவிவில்லைகள் இரண்டு, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணித் துண்டு ஒன்று, காகித மைக்ராஸ்கோப்பு, கண்காப்புக் கண்ணாடி. இவற்றுள் எதுவும் நம் நகரத்துக் கடைகளிற் கிட்டாததன்று. தராசும் மல்டிமீட்டரும் மட்டுமே சற்று விலை பெறுவன. பெட்டியை விலைக்குத் தராமல் இரவலாகத் தருவதே ஏற்றது. இங்கிலாந்திலும் ஆண்டு முடிவில் பெட்டிகள் திரும்பி வந்து, துடைத்துச் சரிபார்த்து, குறைந்தவை நிரப்பப்பெற்று அடுத்த ஆண்டு வேறொருவர் வீட்டிற்குச் சென்றன. அவ்வாறு திரும்பி வரும் பெட்டிகளைத் திறந்து, தராசின் மின்கலத்தை மாற்றி, ஒழுகிய குப்பியைக் கழற்றி, காணாமற்போன வில்லையைப் பேரேட்டில் குறித்துவைக்க ஒரு துணையாளரும் ஓர் அறையும் முதலில் வேண்டும். அவ்வறையைத் தேடிய பின்னரே பெட்டியின் விலையைப் பற்றிப் பேசுதல் முறை.